பிளேஸ் பஸ்கால்: தற்செயலுக்குக் கணக்கு எழுதியவர்

விஞ்ஞான பாடத்தில் அமுக்கத்தின் அலகு பஸ்கால். கணித பாடத்தில் நிகழ்தகவு என்னும் பகுதிக்கு அத்திவாரமிட்ட இருவரில் ஒருவரும் அதே பஸ்கால்தான் என்பதை மாணவர் பலர் அறியார். பிரெஞ்சு இலக்கியம் கற்போருக்கோ அவர் சிறந்ததோர் உரைநடை ஆசிரியர். 39 ஆண்டுகளே வாழ்ந்த, அதிலும் பெரும்பகுதியை நோயுடன் கழித்த ஒருவரின் வரலாறு இது.

பஸ்கால் 1623 ஆம் ஆண்டு ஜூன் 19 ஆம் திகதி பிரான்சின் கிளேர்மோன் நகரில் பிறந்தார். தந்தை எத்தியன் வரி தொடர்பான அரச உத்தியோகத்தர், கணிதத்திலும் வல்லவர். மகனுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே தாயார் இறந்துவிட்டார். 1631 இல் தந்தை தமது மூன்று பிள்ளைகளுடன் பரிசுக்குக் குடிபெயர்ந்து, மகனுக்குத் தாமே கல்வி புகட்டினார். முதலில் மொழிகள், கணிதம் பிறகு என்பது அவரது திட்டம். எனவே கணித நூல்களை மகனின் கண்ணில் படாமல் வைத்திருந்தார். மறைத்து வைத்த பொருளின் மீதுதானே பிள்ளைகளுக்கு ஆசை வரும்! 12 வயதில் சிறுவன் தரையில் கரியால் உருவங்களை வரைந்து, முக்கோணியின் அகக் கோணங்களின் கூட்டுத்தொகை இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்பதைத் தானாகவே கண்டுகொண்டதாக அக்கா ஜில்பேர்ட் எழுதிய வரலாறு கூறுகின்றது. அதன்பின் தந்தை யூக்கிளிட்டின் நூலை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார்.

16 வயதில் கூம்பு வளைவுகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ரூவான் நகரில் வரிக் கணக்குகளுடன் போராடிய தந்தைக்கு உதவுவதற்காக 1642 இல் ஒரு கணிக்கும் பொறியை அமைக்கத் தொடங்கினார். 1648 செப்டெம்பர் 19 ஆம் திகதி, அவரது வேண்டுகோளின்படி, அக்காவின் கணவர் இரசக் குழாயுடன் புய் டி டோம் என்னும் மலையின் உச்சிக்கு ஏறினார். அடிவாரத்தில் இருந்ததைவிட அங்கே இரச நிரல் சுமார் 8 சென்ரிமீற்றர் குறைந்திருந்தது. மேலே செல்லச் செல்ல வளிமண்டல அமுக்கம் குறையும் என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. அமுக்கத்தின் அலகுக்கு 1971 இல் அவரது பெயர் சூட்டப்பட்டமைக்கு இவ்வாய்வுகளே காரணம்.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1646 இல், தந்தை பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பில் காயமடைந்தார். சிகிச்சை அளிக்க வந்த சகோதரர் இருவர் யன்சனியம் என்னும் கண்டிப்பான கத்தோலிக்கப் பிரிவைச் சார்ந்தவர்கள். அவர்கள் வாயிலாக அக்குடும்பம் முழுவதும் ஆழ்ந்த சமயப் பற்றுக்குள் சென்றது. ஒரு வழுக்கல் பல வருடங்களின் போக்கை மாற்றியது. தற்செயலைப் பற்றிச் சிந்திக்கப்போகும் ஒருவரின் வீட்டில் இது நிகழ்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

1651 இல் தந்தை காலமானார். அடுத்த ஆண்டு தங்கை ஜக்குலின் போர்ட் றோயல் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். தனித்துப்போன பஸ்கால் பரிஸ் நகரின் மேட்டுக்குடி நண்பர்களுடன் பழகலானார். அவர்களுள் செவாலியர் டி மெரே என்பவர் சூதாட்டக் கணக்குகளில் ஆர்வமுள்ள எழுத்தாளர். அவர் கேட்ட கேள்விகளுள் ஒன்று பின்வருமாறு. ஒரு தாயக்கட்டையை 4 தடவை எறிந்து ஒரு 6 ஆவது விழும் என்று பந்தயம் கட்டினால் இலாபம். அப்படியாயின் இரண்டு கட்டைகளை 24 தடவை எறிந்து இரட்டை 6 விழும் என்று கட்டினாலும் இலாபம் வரவேண்டுமல்லவா? 6 க்கு 4 என்றால் 36 க்கு 24 தானே! விகிதசமன் சரிபோலவே தெரிகின்றது. ஆனால் நாம் வகுப்பில் செய்வதுபோல, 6 விழாதிருக்கும் நிகழ்தகவை முதலில் எடுத்து 1 இலிருந்து கழித்துப் பாருங்கள். முதற் பந்தயத்தின் நிகழ்தகவு 671/1296, அதாவது பாதியிலும் சற்று அதிகம். இரண்டாவதில் ஏறத்தாழ 0.491, பாதியிலும் சற்றுக் குறைவு.

மற்றைய கேள்வியே முக்கியமானது. சமதிறமையுள்ள இருவர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து விளையாடுகின்றனர். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கு 64 காசும் உரியது. முதலாமவர் 2, மற்றவர் 1 என்றிருக்கையில் விளையாட்டு நின்றுவிடுகின்றது. காசை எப்படிப் பங்கிடுவது? 1494 இல் இத்தாலியரான பச்சியோலி, வென்ற ஆட்டங்களின் விகிதப்படி 2:1 எனப் பங்கிடச் சொன்னார். ஆனால் 1 - 0 என்ற நிலையில் நின்றால்? அந்த விதிப்படி ஒரேயோர் ஆட்டம் வென்றவர் முழுவதையும் அள்ளிச் செல்வார். அது நியாயமாகுமா?

பஸ்கால் வேறு வழியில் சிந்தித்தார். அடுத்த ஆட்டத்தை முதலாமவர் வென்றால் அவருக்கு 64. தோற்றால் 2 - 2 ஆகும், அப்போது 32. எப்படி முடிந்தாலும் 32 அவருடையது. மிகுதி 32 இல்தான் சந்தேகம், வாய்ப்போ சமம். எனவே அதில் பாதியாகிய 16 ஐயும் சேர்த்து 48 அவருக்கு, 16 மற்றவருக்கு. 1654 ஜூலை முதல் ஒக்டோபர் வரை துலூஸ் நகரின் சட்டத்தரணியும் கணிதமேதையுமான பேர்மாவுடன் அவர் இதுபற்றிக் கடிதத் தொடர்பு கொண்டார். பேர்மாவின் முறை நமது மாதிரிவெளி முறை: விளையாட்டு முடிய இன்னும் அதிகபட்சம் இரண்டு ஆட்டங்கள், நான்கு பேறுகள், அவற்றில் மூன்று முதலாமவருக்குச் சாதகம். வழிகள் இரண்டு, விடை ஒன்று. (2 - 0 இல் நின்றால் 56 உம், 1 - 0 இல் நின்றால் 44 உம் வரவேண்டும். பஸ்காலின் முறையில் செய்து பாருங்கள்.)

இங்கே என்ன புதுமை? அக்காலத்தில் கட்டை விழும் விதத்தைப் பெரும்பாலானோர் அதிர்ஷ்டம் என்றோ இறைவன் சித்தம் என்றோ விட்டுவிட்டனர். இத்தாலியரான கார்டானோ முன்னரே சில கணக்குகளைச் செய்திருந்தாலும் அவரது நூல் 1663 இலேயே அச்சேறியது. பஸ்காலும் பேர்மாவும் நடந்து முடிந்த ஆட்டங்களை எண்ணவில்லை, இனி நடக்கக்கூடியவற்றை எண்ணினர். நடவாத ஒன்றுக்கு எண் கொடுத்தனர். ஐந்து தடவை தலை விழுந்தால் ஆறாவது பூவாகத்தான் இருக்கும் என்று வாதிடும் மாணவர்கள் இந்த இடத்தை மீண்டும் வாசிக்க வேண்டும்.

அதே ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி இரவு பஸ்காலுக்கு ஆழமான சமய அனுபவம் ஒன்று ஏற்பட்டது. அதனை எழுதித் தமது மேலங்கியின் உட்புறத்தில் தைத்து வைத்துக்கொண்டார். வீட்டார் எவருக்கும் சொல்லவில்லை. அதன்பின் அவரது பேனா பெரும்பாலும் சமயத்துக்கே உழைத்தது. 1656 - 57 இல் புனைபெயரில் வெளியிட்ட 18 கடிதங்கள் பிரெஞ்சு உரைநடைக்கே புதிய தெளிவைக் கொடுத்தன எனலாம்.

கிறிஸ்தவ சமயத்துக்கு ஆதரவாக ஒரு பெரிய நூலை எழுதவும் குறிப்புகள் சேர்த்தார். அவற்றுள் புகழ்பெற்றது பந்தய வாதம். கடவுள் உண்டா இல்லையா என்பதைப் பகுத்தறிவால் முடிவு செய்ய இயலாது. ஆயினும் வாழ்கின்றவன் ஏதோ ஒரு பக்கம் பந்தயம் கட்டியே ஆகவேண்டும். நம்புபவன் பணயம் வைப்பது அளவுள்ளது, பெறக்கூடியது அளவற்றது. ஆகவே நம்புவதே தக்கது என்பது அவர் கூற்று. நம்பிக்கையை இலாப நட்டமாகப் பார்ப்பதா என 18 ஆம் நூற்றாண்டில் வோல்டயர் கண்டித்தார். எந்தச் சமயத்தவரும் இதே வாதத்தைச் சொல்லலாமே என்றார் டிடெரோ. இந்த ஆட்சேபங்கள் வலுவானவை என்றே எனக்குப் படுகின்றது. ஆனால் 64 காசைப் பங்கிட்ட அதே மூளைதான் இங்கும் வேலை செய்கின்றது என்பதை மறுக்க முடியாது. கிளியோபாத்ராவின் மூக்கின் நீளம் போன்ற அற்ப விடயங்கள் உலக வரலாற்றையே திருப்பக்கூடும் என்ற சிந்தனையும் இக்குறிப்புகளில்தான் உள்ளது.

1662 மார்ச்சில் பரிஸ் வீதிகளில் 5 சூ கட்டணத்துக்குக் குதிரை வண்டிச் சேவை ஒன்று தொடங்கியது. குறித்த பாதை, குறித்த கட்டணம் என்ற இந்தத் திட்டமும் பஸ்காலுடையதே. ஐந்து மாதங்களின் பின்னர், ஓகஸ்ட் 19 ஆம் திகதி அவர் காலமானார். மேலங்கியில் தைத்திருந்த தாளைப் பணியாளர் ஒருவர் அதன் பின்னரே கண்டெடுத்தார். எண்முக்கோணி பற்றிய அவரது நூல் 1665 இல் வெளிவந்தது. சமயக் குறிப்புகள் 1670 இல் சிந்தனைகள் என்ற பெயரில் நூலாயின. அவை துண்டு துண்டான தாள்கள். எதன்பின் எது வரவேண்டும் என்பதில் பதிப்பாசிரியர்களிடையே இன்றுவரை உடன்பாடு இல்லை. பதிப்புக்குப் பதிப்பு அவற்றின் இலக்கங்களும் வேறுபடுகின்றன.