முதற்சிறகு

நுழையும்முன்

ஒரு துறையில் முதலில் அடியெடுத்து வைப்பவரின் சுமை பெரிது. அவர் தவறினால் அவர் மட்டும் தவறியதாக உலகம் கொள்வதில்லை. அவர் பிறந்த நாடே தகுதியற்றது எனத் தீர்ப்பளித்துவிடும். இந்தியர்களால் போர் வானூர்திகளைத் திறம்பட இயக்க முடியுமா என்று ஆட்சியாளர்கள் ஐயுற்ற காலத்தில் அச்சுமையைத் தோளேற்றியவர் சுப்ரதோ முகர்ஜி. இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான அவருடைய வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

குடும்பமும் கல்வியும்

சுப்ரதோ முகர்ஜி 1911ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். தந்தை சதீஷ் சந்திர முகர்ஜி இந்திய ஆட்சிப்பணி அலுவலர், தாய் சாருலதா. தாய்வழிப் பாட்டனார் பி. கே. ராய், கொல்கத்தா மாநிலக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வராக விளங்கியவர். தமக்கை ரேணுகா ராய் பிற்காலத்தில் இந்திய அரசியல் நிருணய சபையில் உறுப்பினராக இடம்பெற்றார். கல்வியும் பொதுப்பணியும் அக்குடும்பத்தின் இயல்பாக இருந்தன.

வானத்தின் மீதான ஈர்ப்பும் குடும்பத்தினின்றே வந்தது. உறவுமுறையில் மாமனாகிய இந்திரலால் ராய், முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் போர் விமானியாகப் பணியாற்றினார். 1918ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இரண்டு வாரங்களுக்குள் பகைவரின் பத்து வானூர்திகளை வென்ற அவர், அம்மாதமே வான்போரில் உயிர் நீத்தார். அப்போது இந்திரலாலுக்கு வயது பத்தொன்பது. சுப்ரதோவுக்கு வயது ஏழு.

ஐவருள் ஒருவர்

இந்தியாவை இந்தியரே பாதுகாக்க வேண்டும் என்னும் கோரிக்கை 1920களில் வலுப்பெற்றது. அதனை ஆராய அமைக்கப்பட்ட ஸ்கீன் குழு, இந்திய இளைஞர்களுக்கு விமானப்படை அலுவலர் பயிற்சி அளிக்கப் பரிந்துரைத்தது. அதன்படி 1930இல் இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரிக்கு ஆறு இந்தியர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் சுப்ரதோவும் ஒருவர்.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் இந்திய விமானப்படை முறையாகத் தோற்றுவிக்கப்பட்டது. அந்நாளிலேயே ஐந்து இந்தியர் விமானிகளாகவும் ஒருவர் தளவாடப் பிரிவு அலுவலராகவும் பணியேற்றனர். 1933ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் கராச்சியை அடுத்த திரிக் சாலை விமானதளத்தில் முதலாம் படையணி உருவானது. நான்கு ‘வாபிட்டி’ வானூர்திகளே அதன் முழு உடைமை. ஈரடுக்கு இறக்கைகளும் திறந்த இருக்கைகளும் கொண்ட அப்பழைய வானூர்திகளில் வெயிலும் காற்றும் புழுதியும் விமானியின் முகத்தில் நேரே மோதும். வானூர்திகளைப் பழுதுபார்த்துப் பேணிய இந்திய வீரர்கள் ‘ஹவாய் சிப்பாய்’ என அழைக்கப்பட்டனர்.

தொடக்கமே சோதனையாக அமைந்தது. படையணி தொடங்கிய அதே ஆண்டில் நேர்ந்த விபத்தில் ஐவருள் இருவர் ஒரே வானூர்தியில் மடிந்தனர். பின்னர் மற்றொருவர் பணியிலிருந்து விலக நேர்ந்தது. எஞ்சியவர் இருவரே. இந்தியர்க்கு விமானப்படை ஏற்றதன்று என்று கருதியோரின் ஐயத்தை இந்நிகழ்வுகள் மேலும் வளர்த்திருக்கும். அவ்வேளையில் சுப்ரதோ தம் கடமையையே விடையாக்கினார்.

எல்லைப்புறப் பணி

படையணியின் பணி வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தின் மலைப்பகுதிகளில் அமைந்தது. குறுகிய கணவாய்களுக்கிடையே தாழப் பறந்து, தரையில் போரிடும் படையினர்க்குத் துணைநிற்பதே அவர்களுடைய வேலை. இயந்திரம் பழுதுபட்டால் இறங்குவதற்குச் சமவெளி கிடையாது. இத்தகைய சூழலில் பெற்ற பட்டறிவு சுப்ரதோவைத் தேர்ந்த விமானியாக்கியது.

1939ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் முதலாம் படையணியின் தலைமையை ஏற்றார். விமானப் படையணி ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர் அவரே. அதே ஆண்டில் சாரதா பண்டிட் என்பவரை மணந்தார்.

1940இல் எல்லைப்புறக் காவல்நிலை ஒன்றைப் பகைவர் சூழ்ந்தனர். உள்ளே இருந்த வீரர்களிடம் தோட்டாக்கள் தீர்ந்துகொண்டிருந்தன. தரைக்கும் வானுக்கும் இடையே பேசிக்கொள்ள அக்காலத்தில் வானொலித் தொடர்பு இல்லை. நிலைமையை உணர்ந்த சுப்ரதோ, துப்பாக்கிச் சூட்டைப் பொருட்படுத்தாது தாழப் பறந்து, தம் வானூர்தியிலிருந்த தோட்டாக்களையே அவ்வீரர்களுக்கு வீசியளித்தார். தம் தற்காப்புக்கு உரியதைப் பிறர் உயிர்காக்க ஈந்த அச்செயல் அரசின் போர்ப்பணி அறிக்கையில் பாராட்டப்பெற்றது.

இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது ஒரே படையணியாக இருந்த இந்திய விமானப்படை, போர் முடிந்தபோது ஒன்பது படையணிகளாக வளர்ந்திருந்தது. அவ்வளர்ச்சிக்கு ஏற்பச் சுப்ரதோவின் பொறுப்புகளும் உயர்ந்தன. 1943இல் கோகாட் விமானதளத்தின் தலைமையை ஏற்றார். விமானதளம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் என்னும் பெருமையும் அவரைச் சேர்ந்தது.

பிரிவினையும் பொறுமையும்

1947இல் விடுதலையோடு பிரிவினையும் வந்தது. வானூர்திகளும் கருவிகளும் மட்டுமல்லாது மனிதர்களும் பிரிக்கப்பட்டனர். படையின் உடைமைகளைப் பங்கிடும் பணியில் சுப்ரதோ ஈடுபட வேண்டியிருந்தது. அவர் பறக்கத் தொடங்கிய கராச்சி, போரிட்ட எல்லைப்புறம், தலைமை தாங்கிய கோகாட் ஆகிய அனைத்தும் வேறொரு நாட்டின் எல்லைக்குள் சென்றன. முதல் ஐவருள் அவரோடு எஞ்சியிருந்த அவான் பாகிஸ்தானைத் தேர்ந்தெடுத்தார். அம்முதல் ஐவருள் இந்திய விமானப்படையில் நின்றவர் சுப்ரதோ ஒருவரே.

அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. தலைமைப் பதவி உடனே தமக்கு வரவேண்டும் என்று அவர் அவசரப்படவில்லை. படையணிகளை நடத்துவது வேறு, ஒரு நாட்டின் வான்படை முழுவதையும் திட்டமிட்டு நடத்துவது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். 1949இல் தரைப்படைக்குக் கரியப்பா தலைவரான பின்பும், விமானப்படையில் மூன்று பிரிட்டிஷ் தளபதிகள் அடுத்தடுத்துத் தலைமை வகித்தனர். அவர்களின்கீழ்ச் சுப்ரதோ உயர் பொறுப்பு வகித்து, நிருவாகமும் திட்டமிடலும் கற்றார். இங்கிலாந்தின் உயர்நிலைப் பாதுகாப்புக் கல்லூரியிலும் பயின்று திரும்பினார். உரிமை இருந்தும் தகுதியை முழுமையாக்கிக்கொள்ளக் காத்திருந்தது அவருடைய தன்னடக்கத்துக்குச் சான்றாகும்.

தலைமைத் தளபதி

1954ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சுப்ரதோ முகர்ஜி இந்திய விமானப்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்நாளில்தான் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் விமானப்படைக்குக் கொடி வழங்கிச் சிறப்பித்தார். நான்கு வானூர்திகளோடு படையணி பிறந்து இருபத்தோராண்டுகள் நிறைந்த நாளும் அதுவே.

அவருடைய பதவிக்காலம் விமானப்படையின் மறுமலர்ச்சிக் காலம் எனலாம். பிரெஞ்சு நாட்டின் ‘மிஸ்டேர்’, பிரிட்டனின் ‘ஹண்டர்’, ‘நாட்’ ஆகிய தாரை வானூர்திகளும் ‘கான்பெரா’ குண்டுவீச்சு வானூர்திகளும் படையில் சேர்ந்தன. புதிய வானூர்திகளை வாங்கினால் மட்டும் போதாது. அவற்றை இயக்கும் விமானிகள், பேணும் தொழில்நுட்ப வல்லுநர்கள், உதிரிப் பொருள்கள், ஓடுதளங்கள் என அனைத்தும் ஒருசேர அமைய வேண்டும். அவ்வடித்தளம் அவர் காலத்தில் வலுப்பெற்றது. அன்று சேர்க்கப்பட்ட ‘நாட்’ வானூர்திகள் 1965ஆம் ஆண்டுப் போரில் நாட்டின் வான்வெளியைக் காத்துப் புகழ்பெற்றன. அப்புகழைக் காண அவர் உயிரோடு இல்லை.

எதிர்பாரா மறைவு

1960ஆம் ஆண்டு நவம்பரில், ஏர் இந்தியா நிறுவனம் டோக்கியோவுக்குத் தொடங்கிய விமானச் சேவையின் முதற்பயணத்தில் அவர் சப்பான் சென்றார். நவம்பர் 8ஆம் நாள் அங்குள்ள உணவகம் ஒன்றில் உண்டுகொண்டிருந்தபோது உணவுத்துண்டு மூச்சுக்குழலில் சிக்கியது. மருத்துவ உதவி பயனளிக்குமுன் உயிர் பிரிந்தது. மலைக்கணவாய்களிலும் துப்பாக்கிச் சூட்டிலும் தப்பிய வீரரின் வாழ்வு நாற்பத்தொன்பது வயதில் இவ்வாறு முடிந்தது. தில்லியில் முழுப் படைத்துறை மரியாதையுடன் அவருக்கு இறுதிச் சடங்கு நடந்தது. அவர் வாழ்ந்த ஆண்டுக்கு ஒன்றாக நாற்பத்தொன்பது வானூர்திகள் வானில் அணிவகுத்து விடைகொடுத்தன.

அவருடைய துணைவியார் சாரதா முகர்ஜி துயரில் ஒடுங்கிவிடவில்லை. பொதுவாழ்வில் ஈடுபட்டு நாடாளுமன்ற உறுப்பினராகவும், ஆந்திரப் பிரதேசம், குசராத்து ஆகிய மாநிலங்களின் ஆளுநராகவும் பணியாற்றினார்.

விளையாட்டில் வாழும் பெயர்

சுப்ரதோ முகர்ஜி கால்பந்தாட்டத்தில் பெருவிருப்பம் கொண்டவர். ஆட்டத்திறனைப் பள்ளிப்பருவத்திலேயே வளர்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. பள்ளிகளுக்கிடையே நாடு தழுவிய போட்டி நடத்த அவர் கண்ட கனவு, 1960இல் ‘சுப்ரதோ கோப்பை’ என்னும் பெயரில் நனவாயிற்று. இன்றும் பள்ளி மாணவ மாணவியர் அக்கோப்பைக்காக ஆண்டுதோறும் களம் காண்கின்றனர்.

பந்தை உதைக்கும் சிறார் பலர் அப்பெயருக்கு உரியவரை அறியார். ஆயினும் இளையோரை நம்பி வாய்ப்பளிக்கும் அப்போட்டி அவருக்குப் பொருத்தமான நினைவுச்சின்னமே. ஒரு காலத்தில் இந்திய இளைஞர் ஐவர்மீது வைக்கப்பட்ட நம்பிக்கையை வீணாக்காமல் காத்தவர் அவர். முதல்வராய் வந்தோம் என்று பெருமை கொள்வதைவிட, பின்வருவோர்க்கு வழியைச் செப்பனிட்டுத் தருவதே உயர்ந்தது என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

கற்பவை கற்றபின்

1. பதவிக்கு விரையாமல் தகுதியை வளர்த்துக்கொள்ளக் காத்திருத்தல் வலிமையா, தயக்கமா? வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
2. உங்கள் ஊரில் ஒரு துறையில் முதன்முதலாக அடியெடுத்து வைத்த ஒருவரைக் கண்டு, அவர் எதிர்கொண்ட தடைகளைக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.