கருணாமிர்த சாகரம் கண்ட பண்டிதர்

குச்சனூரில் சுரபி நதிக்கரையிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால், பள்ளத்தாக்கின் தென்கோடியில் சுருளிமலை எதிர்நிற்கும். இன்று அவ்வழியெங்கும் நெல்வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் விரிந்து கிடக்கின்றன. முல்லைப் பெரியாறு அணை 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பின்னர் வந்த வளம் அது. அதற்கு முன்பே, 1870களின் பிற்பகுதியில், திண்டுக்கல்லிலிருந்து இளம் ஆசிரியர் ஒருவர் மூலிகைகளைத் தேடி இம்மலைக்கு வந்தார். பின்னாளில் தமிழிசையின் பழமையை நிறுவ ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட பெருநூலை எழுதிய ஆபிரகாம் பண்டிதரே அவர்.

பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார். பெற்றோர் முத்துசாமி, அன்னம்மாள். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அங்கேயே ஆசிரியராகப் பணியாற்றினார். அந்நகரில் சடையாண்டிப் பத்தரிடம் வயலின் பயின்றார். ஒளிப்படக் கலையிலும் தேர்ந்தார். கண்ணில் பட்ட கலையையெல்லாம் கற்க விரும்பிய அந்த உள்ளத்திற்குச் சுருளிமலையில் ஒரு குரு வாய்த்தார். கருணானந்தர் என்னும் துறவி அவருக்கு மூலிகைகளின் இயல்பையும் மருந்து செய்முறைகளையும் கற்பித்தார். கிறித்தவராகிய பண்டிதர் அம்மலைத் துறவியின் பெயரை வாழ்நாள் முழுதும் போற்றினார். தாம் செய்த மருந்துகளுக்கும், தஞ்சையில் தாம் அமைத்த தோட்டத்திற்கும், பின்னர் தம் நூலுக்கும் குருவின் பெயரைத் தழுவியே பெயரிட்டார்.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தபின் தஞ்சாவூரில் குடியேறினார். கணவனும் மனைவியும் அங்குள்ள பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணி புரிந்தனர். மருந்துகளுக்கு வரவேற்பு பெருகியதால் 1890இல் அப்பணியை விட்டு மருத்துவத்தில் முழுமையாக ஈடுபட்டார். அவருடைய சஞ்சீவி மருந்துகள் நெடுந்தொலைவிலும் விற்பனையாயின. தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி, கருணானந்தபுரம் என்னும் தோட்டத்தில் மூலிகைகளையும் கரும்பையும் பயிரிட்டார். செல்வம் சேர்ந்தது; அரசு ராவ்சாகிப் பட்டம் வழங்கியது. வேறொருவராயின் இந்நிலையில் ஓய்ந்திருப்பர். பண்டிதரோ அச்செல்வத்தை ஓர் இசைக் கணக்கிற்காகச் செலவிடத் தொடங்கினார்.

தேவாலயங்களில் உள்ள ஆர்கனை நீங்கள் கண்டிருக்கலாம். அதில் ஒரு ச முதல் மேல் ச வரை 12 கட்டைகள் உள்ளன. ச–ப உறவில் அலைவெண் ஒன்றரை மடங்காகும். அவ்வாறே பன்னிரண்டு முறை ஏறிச் சென்றால் தொடக்கத்தைப் போல் ஏறத்தாழ 129.75 மடங்கு வருகிறது. ஆனால் ஏழு தானங்கள் மேலே உள்ள அதே ச சரியாக 128 மடங்கே. வட்டம் சிறிது இடறிவிடுகிறது. மேலைநாட்டு ஆர்கன் அமைப்போர் இந்த இடறலைப் பன்னிரண்டு சுரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுத் தீர்த்தனர். இந்திய இசை நூலார் பலர், தானம் ஒன்றில் சமமற்ற 22 சுருதிகள் உண்டென்னும் வடமொழி மரபையே பின்பற்றினர்.

பண்டிதர் அதனை ஏற்கவில்லை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஆயமகளிர் வட்டமாக நிற்கும் காட்சியில் அவர் ஓர் இசைக் கணிதத்தைக் கண்டார். பன்னிரண்டு இராசி வீடுகளில் குரல் என்னும் ச ஓரிடத்தில் நின்றால், அதிலிருந்து ஏழாம் இடத்தில் இளி என்னும் ப அமையும். இவ்வாறு சுற்றி வந்தால் வட்டம் இடறாமல் நிறைவுறும் என்றும், தானத்தில் சுருதிகள் சமமான 24 என்றும், பழந்தமிழர் பாலைகள் இம்முறையில் பிறந்தவை என்றும் வாதிட்டார். தந்தியின் நீளங்களையும் அலைவெண்களையும் கணக்கிட்டு அட்டவணைகளாகத் தந்தார்.

கணக்கை ஏட்டில் எழுதி வைத்தால் போதும் என்று அவர் கருதவில்லை. 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தோற்றுவித்து, தஞ்சையில் அடுத்தடுத்து இசை மாநாடுகளை நடத்தினார். வித்துவான்களின் உணவு, தங்கல் உள்ளிட்ட செலவுகளைத் தாமே ஏற்றார். கருத்தில் மாறுபட்டவர்களையும் அழைத்துவந்து அவர்கள் முன்னிலையில் தம் கொள்கையை வைத்ததே அவருடைய துணிவு.

1916இல் பரோடாவில் அனைத்திந்திய இசை மாநாடு கூடியது. 22 சுருதிகளையும் ஒலிக்குமாறு கிளெமென்ட்சும் தேவலும் உருவாக்கிய ஆர்மோனியம் அங்கு விவாதத்திற்கு உள்ளாகியிருந்த காலம் அது. பண்டிதர் தம் குடும்பத்துப் பெண்களுடன் சென்று, கொள்கையை எடுத்துரைத்ததோடு, அவர்களைப் பாடவும் வீணை வாசிக்கவும் செய்து செவிக்கும் மெய்ப்பிக்க முயன்றார். பெண்கள் பொது அவையில் இசைப்பதை ஐயத்தோடு பார்த்த அந்நாளில் இது சிறிய செயலன்று.

1917இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. அதில் அவருடைய வாதங்கள் அனைத்தும் இன்று ஒப்புக்கொள்ளப்படுவதில்லை. கடல்கொண்ட தென்னாட்டைப் பற்றி அவர் எழுதியவற்றை ஆய்வாளர் ஏற்பதில்லை. பாடகரின் கமகம் நிறைந்த குரல் சமமான 24 கூறுகளில் அடங்குமா என்பதும் கேள்விக்குரியது. ஆயினும் சிலப்பதிகாரத்தை இசைநூலாகவும் படிக்கலாம் என்பதை இத்துணை விரிவாக எடுத்துக்காட்டியவர் அவரே. அவர் கிறித்தவக் கீர்த்தனைகளும் இயற்றினார். தெலுங்குப் பாடல்களே அரங்கை ஆண்ட காலத்தில், இசை பயில்வோருக்காகத் தமிழிலேயே கீதங்களும் சாகித்தியங்களும் செய்து அச்சிட்டார்.

பண்டிதர் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மறைந்தார். தமிழிசைச் சங்கம் சென்னையில் தோன்ற மேலும் இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. அவர் எழுதி வைத்திருந்த இரண்டாம் நூல் 1946இல் அச்சேறியது. அடுத்த ஆண்டே விபுலானந்த அடிகளின் யாழ்நூல் வெளிவந்தது. அதே சிலப்பதிகாரத்தைக் கற்ற அடிகள், சுருதிகள் 22 என்றே கணக்கிட்டிருந்தார்.