பிள்ளைகளின் மூச்சைக் காத்த வைத்தியர் செவாலியர் ஜாக்சன்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள மியூட்டர் அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில் ஊக்கு, பொத்தான், நாணயம், ஆணி, கச்சான் என 2,374 பொருட்கள் இருக்கின்றன. எல்லாமே மனிதர்களின் தொண்டை, உணவுக்குழாய், மூச்சுக்குழாயில் சிக்கியவை. பலவும் சிறுபிள்ளைகளிடமிருந்து எடுக்கப்பட்டவை. எடுத்துச் சேர்த்தவர் வைத்தியர் செவாலியர் ஜாக்சன்.

1865இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். சிறுவயதில் சக பையன்கள் அவரைக் கண்ணைக் கட்டி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தள்ளிவிட்டதும் உண்டு. கண்ணாடியிலும் மட்பாண்டத்திலும் சித்திரம் வரைந்து உழைத்த பணத்தில் படித்து 1886இல் வைத்தியரானார். காசநோய் பலமுறை அவரைப் படுக்கையில் விழுத்தியது.

1897இல் ஜெர்மனியில் குஸ்தாவ் கிலியன் குழாய் செலுத்தி மூச்சுக்குழாயில் இருந்து எலும்புத் துண்டை எடுத்தார். அந்த வழியை ஜாக்சன் வளர்த்தெடுத்தார். குழாயின் நுனியில் சிறு மின்குமிழ் பொருத்தினார். திறந்த ஊக்கை உள்ளேயே மூடி எடுக்கும் கருவியும் செய்தார்.

அன்றைய ஈதரும் குளோரோபோமும் பிள்ளையின் இருமலையும் மூச்சையும் அடக்கிவிடும் என்று அஞ்சினார். அதனால் சிறுபிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மயக்கமருந்து இல்லாமலே, உதவியாளர் தலையைப் பிடிக்க, விரைவாகச் செய்தார். இன்று செவோபுளூரேன் போன்ற வாயுவால் பிள்ளையை உறங்கவைத்து, அதே குழாய்வழியே ஒட்சிசனும் கொடுக்கிறார்கள். மயக்கமருந்து நிபுணரும் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒரே மூச்சுவழியைப் பங்குபோடும் வேலை அது.

கடுங்காரத்தைக் குடித்துத் தொண்டை வெந்த பிள்ளைகளுக்காகவும் பல வருடங்கள் போராடினார். அத்தகைய போத்தல்களில் நஞ்சு என்று எழுதவேண்டும் என 1927இல் சட்டம் வந்தது. 1958இல், 92 வயதில் காலமானார்.

இவரைப் பற்றி நான் எழுதக் காரணம் உண்டு. 2007இல் முள்ளிக்குளத்தை விட்டு வெளிக்கிட்டு மலங்காட்டில் கொட்டில் போட்டிருந்த சனம் நாங்கள். இரவில் வாகனம் பிடித்து மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகிற பாடு எங்களுக்குத் தெரியும். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் இன்னும் தூரம். தூரத்தை எங்களால் குறைக்க முடியாது. தாமதத்தைக் குறைக்கலாம்.

கச்சான் தின்ற பிள்ளை புரைக்கேறி இருமி, பிறகு அமைதியானால் சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். அது கீழே இறங்கியிருக்கலாம். எக்ஸ்ரேயில் கச்சான் தெரியாது. நாட்கள் போனால் நிமோனியாவில் முடியும். வாய்க்குள் கண்மூடித்தனமாக விரல் விட்டுத் தேடவும் கூடாது. என்ன தின்றது, எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மயக்கமருந்து கொடுப்பவருக்கு அது தெரியவேண்டும். ஐந்து வயதுக்குள் முழுக் கச்சான் கொடுக்கவே வேண்டாம்.