சுப்பாராவ் கண்ட சேமிப்பு

உயிர்வேதியியல் பயிலும் நம்மவர் பலரும் பாஸ்பரஸ் அளக்கும் சோதனையைச் செய்திருப்பர். மாலிப்டேட்டும் ஒடுக்கும் பொருளும் சேர்த்ததும் கரைசலில் நீலம் பூக்கும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். ‘ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். யார் அந்தச் சுப்பாராவ்?

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பீமாவரத்தில் பிறந்தார். தெலுங்கர், ஆயினும் அவரை ஆளாக்கியது சென்னை. மெட்ரிகுலேஷனில் இருமுறை தவறி, மூன்றாம் முறை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். மாநிலக் கல்லூரிக்குப் பின் சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கே அறுவைக் கூடத்தில் கதர் அங்கி அணிந்து நின்றார். வெள்ளைக்காரப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிட்டியது. உடன்பிறந்தார் இருவரை ‘ஸ்புரூ’ என்னும் குடல் நோய் கொண்டுபோயிற்று. அவரும் அதே நோயில் வீழ்ந்து பிழைத்தார்.

1922-இல் மாமனார் தந்த பொருளுதவியோடு பாஸ்டன் சென்றார். இளம் மனைவி ஊரிலேயே தங்கினார். நாம் திம்பம் மலைப்பாதை ஏறிச் சாமராஜநகர் வந்தோம். நினைத்தால் பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பலாம். அவரோ திரும்பவே இல்லை. ஊரில் பிறந்த மகன் பச்சிளம் பருவத்திலேயே இறந்தான். தந்தை அவனைக் கண்டதில்லை.

இரவில் மருத்துவமனையில் எடுபிடி வேலை, பகலில் ஹார்வர்டில் படிப்பு. ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அந்த நீலச் சோதனையை 1925-இல் வெளியிட்டார். பின்னர் தசைச் சாற்றைச் சோதித்தபோது நீலம் உடனே பூக்காமல் மெல்ல மெல்ல ஏறியது. கைப்பிழை என்று தள்ளிவிட்டிருக்கலாம். அவர்கள் தள்ளவில்லை. எளிதில் உடையும் ஏதோ ஒரு பொருள் சிறுகச் சிறுகப் பாஸ்பேட்டை விடுகிறது என்று துணிந்தனர். அதுவே 1927-இல் வெளியான பாஸ்போகிரியேட்டின். தசை இயங்கினால் அது குறைந்தது, ஓய்ந்தால் மீண்டது. அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் இதனைக் கண்டனர். ஆற்றலின் நாணயமான ஏ.டி.பி.யை 1929-இல் ஹார்வர்டில் இவ்விருவரும் ஜெர்மனியில் லோமனும் தனித்தனியே கண்டறிந்தனர். இவ்விரண்டு பொருள்களையும் இணைக்கும் வினையை 1934-இல் லோமன் காட்டினார். அவ்வினையை நடத்தும் நொதியே கிரியேட்டின் கைனேஸ்.

தசையில் கண்ட இப்பொருள் மூளைக்கும் இன்றியமையாதது. உடல் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்கு. ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலிலோ ஏறக்குறைய இருபது பங்கு அதற்கே. ஏ.டி.பி. கையில் உள்ள சில்லறை, நொடியில் தீரும். பாஸ்போகிரியேட்டின் மடியில் முடிந்த பணம். கிரியேட்டின் கைனேஸ் அந்த முடிச்சை அவிழ்க்கும் கை. வரவு வந்ததும் மீண்டும் முடிந்து வைப்பதும் அதுவே. மூளைச் செல்லில் இந்நொதி இருவகை. ஒன்று ஆற்றல் விளையும் மைட்டோகாண்டிரியாவில்; மற்றொன்று அது செலவாகும் இடங்களில். நகரத்தில் உழைப்பவன் ஊருக்குப் பணம் அனுப்புவதைப் போல, முன்னது அனுப்பும், பின்னது பெறும். பிராணவாயு தடைப்பட்டால் முதலில் சரிவது பாஸ்போகிரியேட்டின். அது தாங்கும் சிறு பொழுதளவே ஏ.டி.பி. குறையாமல் நிற்கும்.

இச்சேமிப்பு இல்லாத மூளை எப்படி இருக்கும்? பிறவியிலேயே கிரியேட்டின் ஆக்க இயலாத குழந்தையை 1994-இல் ஜெர்மனியில் கண்டனர். வளர்ச்சி நின்றிருந்தது. காந்த ஒத்ததிர்வு முறையில் மூளையைச் சோதித்தபோது கிரியேட்டினைக் காணவில்லை. அதனை வாய்வழி கொடுத்து வந்தபின் மூளையில் அது ஏறியது. குழந்தையும் தேறத் தொடங்கியது.

ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940-இல் லெடர்லே ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே அவர் குழுவினர் 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்புரூவுக்கு அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரஸானும் அக்கூடத்தில் பிறந்ததே. 1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 53. அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே இறந்தார். பின்னாளில் ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரால் ‘சுப்பரோமைசஸ்’ என்று பெயரிட்டனர். இந்தியா அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது 1995-இல்.