யாரையும் தோற்கடிக்காமல் பெற்ற பதக்கம்

பிரிட்டனில் கேடட் படைகளில் சேரும் சிறுவர் சிறுமியர் பலரும் ஆசையோடு உழைத்துப் பெறுவது எடின்பரோ கோமகன் விருது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று அதில் மூன்று படிகள். இதற்கு வித்திட்டவர் ஒரு ஜெர்மானியர், அதுவும் தாய்நாட்டில் சிறைவாசம் கண்டவர் என்றால் வியப்பாக இல்லையா? அவர் பெயர் கர்ட் ஹான்.

1886-ல் பெர்லினில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஆக்ஸ்போர்டிலும் படித்தார். முடியாட்சி ஜெர்மனியின் கடைசிப் பிரதமரான மாக்ஸ் இளவரசருக்குக் காரியதரிசியாக இருந்தார். 1920-ல் அந்த இளவரசரின் மாளிகையிலேயே ஸேலம் பள்ளியை நிறுவினார்கள். (நம் சேலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!)

1932-ல் வந்தது சோதனை. பொடெம்பா கிராமத்தில் ஒரு தொழிலாளியை, பெற்ற தாயின் கண்ணெதிரே, நாஜிகள் அடித்துக் கொன்றார்கள். மரண தண்டனை பெற்ற கொலைகாரர்களுக்கு ஹிட்லர் ஆதரவுத் தந்தி அடித்தார். ஹான் வாய்மூடி இருக்கவில்லை. ஹிட்லரா, ஸேலமா, இரண்டில் ஒன்றைத் துறந்துவிடுங்கள் என்று பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒரு பள்ளி ஆசிரியருக்கு எத்தனை நெஞ்சுரம்! மறு ஆண்டு மார்ச்சில் கைதானார். பிரிட்டிஷ் பிரதம மந்திரி ராம்சே மக்டொனால்டு வரை தலையிட்ட பிறகே வெளியே வந்தார். பள்ளியை இழந்தார், நாட்டையும் இழந்தார்.

1934-ல் ஸ்காட்லாந்தின் மோரே வட்டாரத்தில் கார்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். முதல் மாணவர்களில் ஒருவர் கிரேக்க இளவரசர் பிலிப். 1936-ல் அங்கே பிறந்தது மோரே பதக்கம். ஓடுவதற்கும் தாண்டுவதற்கும் எறிவதற்கும் ஓர் அளவு வைத்தார்கள். அதோடு காடுமேடு கடந்து ஒரு பயணம்; உயிர்காக்கும் பயிற்சி. முதலாவதாக வந்தவன் யார் என்ற கேள்வியே கிடையாது! அளவை எட்டியவனுக்கெல்லாம் பதக்கம். நோஞ்சான் பையனும் விடாமல் பழகினால் எட்டலாம்.

யுத்தம் வந்தது. கப்பல் மூழ்கினால் அனுபவம் முதிர்ந்த மாலுமிகள் பிழைத்தார்கள். வாலிபர்கள் மனம் தளர்ந்து மாண்டார்கள். கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட் இதைக் கண்டு கலங்கினார். அவருடன் சேர்ந்து 1941-ல் வேல்ஸ் கடற்கரையில், அபர்டோவியில், ஹான் நிறுவியதே அவுட்வர்ட் பவுண்ட் பயிற்சிப் பள்ளி.

பிலிப் இளவரசர் எடின்பரோ கோமகன் ஆனதும் பழைய குரு விடவில்லை. நாடு முழுவதற்கும் இப்படி ஒரு விருது வேண்டும் என்று வற்புறுத்தினார். 1956-ல் அது பிறந்தது. எவரெஸ்ட் குழுவுக்குத் தலைமை வகித்த ஜான் ஹண்ட் நிர்வாகப் பொறுப்பேற்றார். முதலில் 15 முதல் 18 வயது வரையுள்ள பையன்களுக்கு மட்டும். 1958-ல் பெண்களுக்கும் கதவு திறந்தது. வரைபடம் பார்த்து நடப்பது, கூடாரம் அடிப்பது, முதலுதவி செய்வது எல்லாம் கேடட்டுகளுக்குப் பழகிய வேலைதானே? அவர்களுக்கு இது நன்றாகப் பொருந்திவிட்டது.

1953-ல் ஓய்வு பெற்ற ஹான், துரத்திய ஜெர்மனிக்கே திரும்பியிருந்தார். 1974 டிசம்பர் 14-ல், 88-வது வயதில் காலமானார். ஸேலத்தில் அடக்கம் செய்தார்கள்.