குமரி பாறை மண்டபம்: காசு எங்கிருந்து வந்தது? யார் இந்த ஏக்நாத் ரானடே?

கன்னியாகுமரி போனால் படகு ஏறி விவேகானந்தர் பாறைக்குப் போகாமல் திரும்ப மாட்டோம். அங்கே மண்டபம் எழ முக்கியக் காரணம் ஏக்நாத் ரானடே. 1914-ல் மகாராஷ்டிராவில் பிறந்தவர், ஆர்எஸ்எஸ் பொதுச் செயலாளராக இருந்தவர்.

மண்டபம் வந்தால் பாறையின் இயற்கை அழகு கெட்டுவிடும் என்று எதிர்த்தார் மத்திய அமைச்சர் ஹுமாயுன் கபீர். முதல்வர் பக்தவத்சலமும் முதலில் தயங்கினார். ரானடே விடலை. 1963 டிசம்பரில் மூணே நாளில் 323 எம்.பி.க்களிடம் ஆதரவுக் கையெழுத்து வாங்கினார். வழி திறந்தது.

சரி, காசு? மாநில அரசுகளிடம் போய்க் கேட்டார். பொதுமக்களிடம் ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் என வசூலித்தார். சுமார் 30 லட்சம் பேர் கொடுத்தாங்க. 1970-ல் மண்டபம் திறந்தது. 1982-ல் ரானடே மறைந்தார்.

இப்போ அதே பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்கு 37 கோடி ரூபாயில் கண்ணாடிப் பாலமும் வந்தாச்சு. பாறையில் எவ்வளவு கட்டலாம் என்ற கபீரின் கேள்வி மட்டும் இன்னும் அப்படியே இருக்கு.