நிறம் கேட்ட குருமடங்கள்

அகஸ்டஸ் டோல்டன் 1854-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தார். 1862-இல் தாய் மார்த்தா தம் மூன்று குழந்தைகளுடன் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து, குவின்சி நகரில் அடைக்கலம் புகுந்தார்.

அங்கே சிறுவன் சேர்ந்த முதல் கத்தோலிக்கப் பள்ளி, வெள்ளையினப் பெற்றோரின் எதிர்ப்பால் அவனைக் கைவிட்டது. பங்குத்தந்தை பீட்டர் மெக்கிர் துணிந்து தம் பங்குப் பள்ளியில் இடமளித்தார். புகையிலை ஆலையில் உழைத்த அகஸ்டஸ் குருவாக விரும்பினார். அமெரிக்கக் குருமடம் ஒன்றுகூட அவரை ஏற்கவில்லை. தடையாயிருந்தது படிப்போ பக்தியோ அல்ல, தோலின் நிறமே.

1880-இல் உரோமையின் உர்பான் கல்லூரி அவரை ஏற்றது. 1886 ஏப்ரல் 24 அன்று இலாத்தரன் பேராலயத்தில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆப்பிரிக்கப் பணியை எதிர்பார்த்திருந்தவரைத் திருச்சபை, அவரை மறுத்த நாட்டுக்கே அனுப்பியது. குவின்சியிலும் சிகாகோவிலும் ஏழைகளுக்காக உழைத்து, 1897-இல் 43 வயதில் இறைவனடி சேர்ந்தார். 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

அன்பார்ந்தவர்களே, அவரை மறுத்தவர்களும் திருப்பலியில் பங்கேற்றவர்களே. கல்லூரியில் இடம் கேட்டும், நிறுவனத்தில் வேலை கேட்டும் வருபவரிடம் நாம் முதலில் தேடுவது திறமையையா, பிறப்பையா? ஒரு பங்குத்தந்தை திறந்த கதவு திருச்சபைக்கு ஒரு நல்ல குருவைத் தந்தது. நாம் மூடும் கதவுக்கு வெளியே யாரை நிறுத்துகிறோம் எனச் சிந்திப்போம்.